மலைக்குப் போகாத சித்திரக்காரர்கள்

ஞானப்பழத்தின் கதையை அறியாத நேயர்கள் இருக்க முடியாது. உலகத்தை முதலில் சுற்றி வருகிறவனுக்குப் பழம் என்று ஏற்பாடாயிற்று. முருகன் மயில்மீது ஏறிக்கொண்டு, கடலும் மலையும் கடந்து, மெய்யாகவே உலகத்தைச் சுற்றினான். பிள்ளையாரோ இருந்த இடத்தை விட்டு அதிகம் நகராமல், அம்மையப்பரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பழத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். பாடுபட்டுப் பிரயாணம் செய்தவன் கோபித்துக்கொண்டு வந்து நின்ற இடந்தான் பழனி. அந்தப் பழனிக்குப் பின்புறத்தில், மேகத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நிற்கிற மலைத் தொடரைப் பற்றியே இந்த வாரம் எழுத உட்கார்ந்தோம். எழுத வேண்டிய சங்கதியும் ஏறக்குறைய அந்தப் பழைய வழக்கேதான். மெய்யாகவே போய்ச் சுற்றியவன் பக்கம் நியாயமா, போகாமலே சுற்றிவிட்டதாகக் கணக்குக் காட்டியவன் பக்கம் நியாயமா?

கலைஞர்களின் உலகத்தில் 'ரெஸிடென்ஸி' என்று ஒரு வழக்கம் உண்டு. முற்காலத்தில் இந்த வார்த்தையைக் கேட்டால் சுதேச சமஸ்தானங்களில் வெள்ளைக்கார ரெஸிடெண்டு துரை குடியிருந்த மாளிகைதான் நம்மவர்களுக்கு ஞாபகம் வரும். இப்போது அதற்கு அர்த்தம் வேறு. ஒரு சங்கமோ, கலாசாலையோ, தர்ம ஸ்தாபனமோ சில சித்திரக்காரர்களையும் சிற்பிகளையும் அழைத்து, ஓரிடத்தில் சில வாரங்களுக்குத் தங்கவைத்து, சாப்பாடும் இருப்பிடமும் தந்து, "வேறு கவலையின்றி உங்கள் வேலையைச் செய்யுங்கள்" என்று விட்டுவிடுவதுதான் ரெஸிடென்ஸி. முடிவில் அவர்கள் செய்ததையெல்லாம் சேர்த்து ஒரு கூட்டுக் கண்காட்சி நடக்கும். டில்லியில் உள்ள கோஜ் என்னும் ஸ்தாபனம் 1997-ல் தொடங்கி இந்த மாதிரிக் காரியத்தைச் செய்து வருகிறது. நமது சென்னைப் பக்கத்தில் இதைவிடப் பெரிய காரியமே நடந்தது. 1966-ல் ஸ்ரீ கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணாக்கர்களும் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் நிலம் வாங்கி, பாதிக் துணியும் கைவேலைகளும் விற்ற பணத்தைக் கொண்டு, சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தையே உண்டுபண்ணிவிட்டார்கள். சில வாரங்கள் தங்கிப் போவதற்காக அவர்கள் அங்கே வரவில்லை. வீடு கட்டிக் குடியே இருந்தார்கள்.

பிறகு 2020-ம் வருஷம் வந்தது. மார்ச்சு மாதக் கடைசியில் தேசம் முழுவதும் கதவு சாத்திக்கொண்டு உட்கார்ந்ததை நாம் யாரும் மறந்துவிடவில்லை. ரயில் இல்லை, விமானம் இல்லை, பக்கத்து வீட்டுக்குப் போவதற்கும் பயம். அப்போது ரெஸிடென்ஸிகள் எல்லாம் இணையத்துக்குள் குடியேறின. ஜெர்மானியரின் கலாசார ஸ்தாபனமாகிய கேத்தே இன்ஸ்டிட்யூட் 'வர்ச்சுவல் பார்ட்னர் ரெஸிடென்ஸி' என்று இதற்கென்றே ஒரு திட்டம் ஏற்படுத்தியது. ஒரு கலைஞர் ஜெர்மனியில் இருப்பார். இன்னொருவர் வேறொரு கண்டத்தில் இருப்பார். இருவரும் கண்ணாடித் திரையில் முகம் பார்த்துக்கொண்டே ஒன்றாக வேலை செய்வார்கள். வியாதி தணிந்த பிறகும் இந்த வழக்கம் தணியவில்லை. அவரவர் வீட்டிலேயே 'தங்கி'க்கொண்டு ஒரு தூர தேசத்தைப் பற்றியோ, ஒரு மலையைப் பற்றியோ வேலை செய்து, முடிவில் இணையத்திலேயே கண்காட்சியும் வைத்துவிடுகிறார்கள்.

"இது என்ன கூத்து? கல்யாணத்துக்குப் போகாமல் பந்தியில் உட்காருகிற கதையாக இருக்கிறதே!" என்று வயதான நேயர்கள் சிரிக்கலாம். நாமும் முதலில் சிரித்தோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் இது அப்படி ஒன்றும் புதிய கூத்தல்ல. 1920-களின் தொடக்கத்தில் மொஹோலி-நாஜ் என்னும் ஹங்கேரி தேசத்துச் சித்திரக்காரர், விளம்பரப் பலகை செய்யும் ஒரு தொழிற்சாலையைக் கொண்டு எனாமல் தகடுகளில் படங்கள் செய்வித்தார். கட்டம் போட்ட காகிதத்தை இரு பக்கத்திலும் வைத்துக்கொண்டு டெலிபோன் மூலமாகவே உத்தரவு கொடுத்ததாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். (உண்மையில் நேரிலேயே போய்ச் சொன்னார் என்பாரும் உண்டு. நல்ல கதையை எதற்காகக் கெடுக்க வேண்டும்?) 1969-ல் சிக்காகோ நகரத்து நவீன கலைப் பொருட்காட்சி சாலையில் 'டெலிபோன் மூலம் கலை' என்று ஒரு கண்காட்சியே நடந்தது. கலைஞர்கள் டெலிபோனில் யோசனை சொன்னார்கள். அங்கே இருந்தவர்கள் செய்து வைத்தார்கள். அதே காலத்தில் ரே ஜான்சன் என்பவர் நியூயார்க்கிலிருந்து படங்களைத் தபாலில் அனுப்பி, "இதில் கொஞ்சம் சேர்த்து இன்னாருக்கு அனுப்பவும்" என்று எழுதி, ஒரு பெரிய தபால் குடும்பத்தையே ஏற்படுத்திவிட்டார். ஆகையால் தூரத்திலிருந்து கலை செய்வது பாபம் அல்ல.

அப்படியானால் நமக்கு என்ன வருத்தம் என்றால், அதைச் சொல்கிறோம்.

இம்மாதிரிக் கண்காட்சிகள் சிலவற்றை, மலைகளையும் காடுகளையும் பற்றியவையாகப் பார்த்து, வீட்டில் உட்கார்ந்தபடியே பார்வையிட்டோம். காலணியைக் கழற்ற வேண்டிய அவசியம்கூட இல்லை. பல படங்கள் அழகாகவே இருந்தன. ஆனால் நாலு படம் பார்ப்பதற்குள் நமக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. எந்த மலையானாலும் ஒரே மூடுபனி; எந்த ஏரியானாலும் ஒரே படகு; எங்கே பார்த்தாலும் நெட்டையாய் வரிசைபிடித்து நிற்கும் பைன் மரங்கள். கொடைக்கானலுக்கும் சுவிட்ஸர்லாந்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். இணையத்தில் "கொடைக்கானல்" என்று தேடினால் வருகிற படங்கள் அவை. படத்தைப் பார்த்துப் படம் போட்டால் பனிதான் மிஞ்சும்.

அந்தப் பைன் மரமோ மெக்ஸிகோ தேசத்து மரம். வாட்டில் மரமும் தைல மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. மலையின் சொந்தச் சொத்து வேறு. பள்ளத்தாக்குகளில் ஒடுங்கி நிற்கும் சோலைக் காடு. அதைச் சுற்றிலும் மேட்டில் விரிந்து கிடக்கும் புல்வெளி. சோலையும் புல்லும் சேர்ந்து மழையைக் குடித்து, வருஷம் முழுவதும் ஓடைகளில் கசியவிடுகின்றன. 12 வருஷங்களுக்கு ஒரு முறை குறிஞ்சி பூப்பதும் அந்த மேட்டு நிலத்தில்தான். 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, இனி 2030-ல் பூக்க வேண்டும். புல்வெளியின் பெரும் பாகத்தை வாட்டில் காடு விழுங்கிவிட்டது என்பது இந்த மலையின் முக்கியமான துக்கம். இந்தத் துக்கம் படத்தில் வருவதில்லை. மரம் அடர்ந்திருப்பதைப் பார்த்தால் தூரத்தில் இருப்பவருக்குச் சந்தோஷமாகத்தானே இருக்கும்?

இதற்குச் சமாதானமாக, "நேரில் போனால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்வார்கள். அதையும் நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. இந்த மலையை நேரில் போய் வரைந்த ஆதிச் சித்திரக்காரர்களில் ஒருவர் டக்ளஸ் ஹாமில்டன் என்னும் ராணுவ உத்தியோகஸ்தர். 1860-களின் தொடக்கத்தில் சென்னை அரசாங்கத்துக்காக மலைமலையாக ஏறி இறங்கி வரைந்தார். பேரிஜத்துக்கு அப்பால் உள்ள ஹாமில்டன் கோட்டை என்ற இடத்தின் பெயரில் அவர் இன்னும் இருக்கிறார். அவருடைய பென்சிலில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவர் அங்கே நின்று பார்த்தது எதற்காக? வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வெயிலுக்குத் தப்பிக் குடியிருக்க இடம் தேறுமா என்று கண்டுபிடிப்பதற்காக. 1863-ல் லெவிஞ்சு துரை ஓடையை மறித்து ஏரியை ஏற்படுத்தியதும், சுற்றிலும் பங்களாக்கள் முளைத்ததும், தம் ஊர் ஞாபகமாக மரம் நட்டதும் எல்லாம் அந்தக் காலத்துக் காரியங்களே. இன்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்கும் ஏரிப் படம் அவர்கள் நமக்கு வைத்துவிட்டுப் போன படம்.

மலையில் இருந்துகொண்டு மெய்யாகவே பார்த்தவர்கள் யார் என்று கேட்டால், நேயர்கள் ஆச்சரியப்படக் கூடும். வான சாஸ்திரிகள் என்போம்.

சென்னையில் இருந்த வான ஆராய்ச்சிசாலையை 1899-ல் கொடைக்கானலுக்கு மாற்றினார்கள். ஊர் இறைச்சலுக்கும் புழுதிக்கும் மேலே, 7,000 அடிக்கும் அதிகமான உயரத்தில், சூரியனைப் பார்ப்பது அதன் தொழில். 1904-ம் வருஷம் முதற்கொண்டு நூறு வருஷத்துக்கு மேலாக, வானம் தெளிந்த நாட்களில் எல்லாம் சூரியனைப் படம் பிடித்து வந்தார்கள். அத்துடன் நிற்கவில்லை. கோடுகள் போட்ட வட்டமான காகிதத்தில், அன்றைய சூரியனில் தெரிந்த களங்கங்களையும், பிரகாசமான திட்டுக்களையும், இழை இழையாகத் தெரியும் மேகங்களையும், விளிம்பில் எழும் சுவாலைகளையும் வெவ்வேறு வர்ணங்களில் கையால் வரைந்து வைத்தார்கள். ஒரு கை ஓய்ந்தால் அடுத்த கை. கீழே ராஜ்யம் மாறியது, யுத்தம் வந்தது, சுதந்திரம் வந்தது. சூரியப் படம் நிற்கவில்லை. 1909-ல் எவர்ஷெட் என்பவர், சூரியக் களங்கத்தின் ஓரத்தில் வாயுக்கள் வெளிமுகமாக ஓடுவதைக் கண்டுபிடித்து உலகப் பிரசித்தி பெற்றதும் இந்த மலையில்தான். இப்போது அந்தப் படங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள். கொடைக்கானல் எந்தத் திசையில் இருக்கிறது என்று அறியாத சாஸ்திரிகள் எங்கோ உட்கார்ந்து அவற்றைப் படிக்கிறார்கள்.

நம்மைக் கேட்டால், பழனி மலையிலிருந்து வந்த கூட்டுக் கண்காட்சிகளில் தலைசிறந்தது அதுதான். அதில் கையெழுத்துப் போட்டுப் புகழ் தேடியவர் யாரும் இல்லை. பார்க்கிறவர் எவ்வளவு தூரத்தில் வேண்டுமானாலும் இருக்கலாம். வரைகிறவர் கண் மட்டும் தினந்தோறும் பொருளின்மேல் இருந்தது. நாம் மேலே சொன்ன இணையக் கண்காட்சிகளிலோ பார்க்கிறவரும் தூரம், வரைகிறவரும் தூரம். நடுவில் மலை மட்டும் தனியாக நிற்கிறது.

இவ்வளவு சொன்னபிறகு, எதிர்க் கட்சிக்கும் பேச இடம் கொடுக்க வேண்டும். தூரத்துக் கலையும் இந்த மலைக்கு ஒரு பெரிய உபகாரம் செய்திருக்கிறது.

கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து 1980-களில் நிறுவியது. பிற்பாடு ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியின் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிச் சில்லுகள் ஊருக்குள் ஒரு பழைய சாமான் கிடங்கில் கிடப்பதை ஊராரும் கிரீன்பீஸ் சங்கத்தாரும் 2001 மார்ச்சில் வெளிப்படுத்தியதும் தொழிற்சாலையை மூடினார்கள். அங்கே வேலை செய்தவர்கள் தங்கள் தேகம் கெட்டது என்று சொல்லி நஷ்டஈடு கேட்டார்கள். மனு, கோர்ட்டு, ஊர்வலம் என்று வருஷங்கள் ஓடின. கீழே சமவெளியில் நாம் எல்லாரும் தேன்நிலவுக்கு மலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம்; அதிகமாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

2015 ஜூலை கடைசியில், சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரப் என்னும் இளம் பெண்மணி 'கொடைக்கானல் வோண்ட்' என்று ஒரு பாட்டுப் படத்தை இணையத்தில் வெளியிட்டார். அமெரிக்கப் பாடகி ஒருத்தியின் பிரபலமான மெட்டு. அதில் பாதரச விவகாரம். சில நாட்களுக்குள் லட்சோப லட்சம் ஜனங்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். 2016 மார்ச்சில் கம்பெனிக்கும் 591 தொழிலாளிகளுக்கும் இடையே சமரசம் ஏற்பட்டது. பாட்டினால்தான் சமரசம் வந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. பதினைந்து வருஷம் விடாமல் போராடியவர்கள் தொழிலாளிகள். ஆனால் அவர்கள் குரலுக்கு அந்தப் பாட்டு ஒரு ஊதுகுழல் ஆயிற்று என்பதை மறுக்க முடியாது. 2018-ல் ஸ்ரீ டி. எம். கிருஷ்ணாவும் சேர்ந்து பாடி இரண்டாவது படம் ஒன்று வந்தது. தொழிற்சாலை இருந்த மண் இன்னும் சுத்தமாகவில்லை என்பது அதன் முறையீடு.

அந்தப் பாட்டை உண்டுபண்ணியவர்களும் மலைவாசிகள் அல்ல. ஆயினும் அது பலித்ததற்குக் காரணம், கயிற்றின் மறுமுனையை மலையில் ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார். "இது எங்கள் கதை, இதைச் சொல்" என்று கேட்பதற்கு மனிதர்கள் இருந்தார்கள். தூரம் ஒரு குறை அல்ல. மறுமுனையில் ஆள் இல்லாததுதான் குறை. இதை எண்ணிப் பார்த்த பிறகு நம்முடைய கோபம் கொஞ்சம் தணிந்தது.

இன்னும் ஒன்று. வீட்டில் கைக்குழந்தையை விட்டு நகர முடியாத தாய், வயதான பெற்றோருக்குத் துணையாக இருக்கும் பிள்ளை, ரயில் சார்ஜுக்கே வழியில்லாத மாணவன் இவர்களுக்கெல்லாம் ரெஸிடென்ஸி என்பது வெகுகாலம் எட்டாக் கனியாக இருந்தது. இணையம் அந்தக் கிளையைத் தாழ்த்திக் கொடுத்திருக்கிறது. அதை வெட்டிப் போடு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. இனி நேரில் போவதுதான் என்ன லேசா? ஹைகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வண்டியில் போகிறவர்கள் முன்கூட்டியே இணையத்தில் பெயர் கொடுத்து ஈ-பாஸ் வாங்க வேண்டியதாயிற்று. மலைக்கு மெய்யாகப் போகிறவனும் முதலில் இணையத்துக்குள் போய்த்தான் வர வேண்டும்! அவ்வளவு ஜன நெருக்கடி. அந்த வருஷம் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாள சினிமாவைப் பார்த்துவிட்டுக் குணா குகையைத் தேடி ஒரு கூட்டம் ஏறியது. சினிமாவில் அவர்கள் கண்டு பயந்த குகையின் உட்பாகமோ, கேரளத்தில் பெரும்பாவூரில் போட்ட செட்! கொடைக்கானலைக் கீழே செய்து காட்டினார்கள். அதைப் பார்த்தவர்கள் மேலே ஓடினார்கள்.

ஆகவே இந்தக் கூட்டுக் கண்காட்சிகளை நடத்துகிறவர்களுக்கு நாம் சொல்லிக்கொள்ள விரும்புவது சில. மலையைப் பற்றிச் செய்யும் கண்காட்சியை மலையிலும் ஒரு நாளாவது மாட்டிவையுங்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்து ஹால் போதும். படத்தின் அடியில் எழுதுவதைத் தமிழிலும் எழுதுங்கள். இப்போது நடப்பது எல்லாம் இங்கிலீஷில். அதுவும், படித்த இங்கிலீஷ்காரருக்கே இரண்டு முறை வாசித்தால்தான் விளங்குகிற இங்கிலீஷ். எட்டுக் கலைஞர்களை அழைத்தால் அதில் இரண்டு பேர் மன்னவனூரிலிருந்தோ, பூம்பாறையிலிருந்தோ, பளியர் குடியிருப்பிலிருந்தோ வரட்டும். அவர்களுக்கு ஸன்மானத்தோடு டேட்டா செலவும் கொடுங்கள். பூம்பாறை என்றால் வெள்ளைப்பூண்டு மட்டுமே அல்ல. (பூண்டும் லேசான விஷயம் இல்லை, 2019-ல் கொடைக்கானல் மலைப் பூண்டு புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது.) மேல்மலைக் கிராமத்தில் செல்போன் கோபுரம் கண்ணைச் சிமிட்டும் நேரம் போக மீதி நேரத்தில் அந்தப் பையன் கூட்டத்தில் கலந்துகொள்ள வேண்டியிருக்கும் என்பதையும், அவன் முகம் திரையில் நடுவில் நின்றுபோனால் அது அவனுடைய அசிரத்தை அல்லவென்பதையும் அமைப்பாளர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுதுகிறவன் சும்மா உபதேசம் செய்யக் கூடாது என்று, இந்த யோசனையை நாமே சிறிய அளவில் பரீட்சை செய்து பார்த்தோம். போன முறை மலைக்குப் போயிருந்தபோது ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குள் நுழைந்தோம். காரட்டும் பீன்ஸும் பிளம்ஸும் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளிடம் அரைக் கிலோ காரட்டு வாங்கிக்கொண்டு, மெதுவாகச் செல்போனை எடுத்து, நாம் சேர்த்து வைத்திருந்த மலைச் சித்திரம் ஒன்றைக் காட்டினோம். பனி, ஏரி, பைன் மரம், பச்சை மேடு, தூரத்தில் ஒரு குடிசை. அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, செல்போனை வாங்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"அழகாயிருக்குங்க ஐயா. இது எந்த ஊரு?" என்றாள்.

"உங்க ஊருதான் அம்மா. கொடைக்கானல்."

"எங்க ஊரா?" மறுபடியும் பார்த்தாள். "காட்டுமாடு ஒண்ணும் காணோமே. தோட்டத்துக்கு வேலி கூடப் போடலை. ராத்திரி மாடு பூந்தா ஒரு காரட்டு மிஞ்சுமா?" என்று சொல்லிவிட்டு, செல்போனைத் திருப்பிக் கொடுத்து, "இதை எழுதினவரு இங்க வந்தா நம்ம தோட்டத்துக்குக் கூட்டியாங்க ஐயா, காட்டுறேன்" என்றாள். பிறகு அடுத்த ஆளுக்குத் தராசைத் தூக்கினாள்.